மகன் பெயரிலும் ஒரு பற்று வரவு எழுதுங்கள்

கடைக்கு வருகிற சரக்கு எதுவானாலும் எடை பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. ஒரு மூட்டை மிளகாய் வற்றலில் அரைக் கிலோ குறைந்தாலும் மண்டிக்குப் போன் செய்து கேட்டுவிடுகிறோம். கடைப் பையன் முன்பணம் வாங்கினால் அன்றே அவன் பெயரில் பற்று எழுதுகிறோம். வாடிக்கையாளர் நாற்பது ரூபாய் பாக்கி வைத்தாலும் அது நோட்டில் ஏறிவிடுகிறது. இத்தனை கவனமாகக் கணக்கு எழுதுகிற நம் கடைகளில் ஒரே ஒருவருக்கு மட்டும் பேரேட்டில் பக்கம் இருப்பதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு பூட்டுப் போடுவது வரை நம்மோடு நிற்கிற நம் சொந்த மகன்தான் அவர்.

"மகனுக்கு எதற்குக் கணக்கு? கடையே அவனுக்குத்தானே!" என்பதே நம்மில் பலருடைய பதில். அதில் அன்பு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றுபோவதற்கும், நல்ல கடைகள் கோர்ட்டுப் படி ஏறுவதற்கும், கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பெண்கள் என்றாலே முகம் சுளிப்பதற்கும் பல வீடுகளில் இந்தப் பதிலே வித்தாக இருந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இளைஞர்கள் கூடுகிற இடத்தில் இன்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "எல்லாமே பெண்களுக்குத்தான். படிக்கப் பணம் அவர்களுக்கு, வேலையில் ஒதுக்கீடு அவர்களுக்கு, பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, கடைசியில் அப்பா சொத்திலும் பங்கு. நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம்?" இதைச் சிலர் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள். பெரியவர்களாகிய நாம், "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று அதட்டுகிறோம். இல்லாவிட்டால், "ஆமாம், காலம் கெட்டுப் போச்சு" என்று தலையாட்டுகிறோம். இரண்டாலும் பிள்ளைக்குப் பயனில்லை. பாக்கி என்று ஒருவர் வந்து கேட்டால் நாம் என்ன செய்வோம்? நோட்டைப் பிரித்து எது நிஜப் பாக்கி, எது ஏற்கெனவே தீர்ந்தது என்று பார்ப்போம். பிள்ளையின் குறையையும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதே முறை.

படிப்பில் ஏன் பின்தங்குகிறார்கள்?

முதலில் படிப்பை எடுத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.70 சதவீதமும் மாணவர் 93.16 சதவீதமும் தேர்ச்சி பெற்றனர். 2024-இல் மாணவியர் 96.44, மாணவர் 92.37. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஆண்டுதோறும் முடிவு வெளியாகும் நாளில் நாம் படிக்கிற செய்தி இதுதான்.

கேள்வித்தாள் இருவருக்கும் ஒன்றுதான். மதிப்பெண் போடுவதில் பெண்களுக்குச் சலுகை எதுவும் இல்லை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நம் வீடுகளைப் பொறுத்தவரை ஒரு காரணம் கண் முன்னே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு லோடு வந்தால் யாரைக் கூப்பிடுகிறோம்? தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்கு யாரைப் பள்ளிக்கு லீவு போடச் சொல்கிறோம்? கணக்குப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தபோது, "விடு, நமக்குக் கடை இருக்கிறது" என்று யாரிடம் சொன்னோம்? மகளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கடை இல்லை என்று நாமே தீர்மானித்துவிட்டதால், அவள் படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வேலையையும் செய்துகொண்டேதான் படித்தாள்.

பிறகு பையனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். பெண் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறவள். பெண் வீட்டார், "மாப்பிள்ளைக்கு என்ன வருமானம்?" என்று கேட்கிறார்கள். "சொந்தக் கடை இருக்கிறது" என்கிறோம். "கடை அப்பாவுடையது. பையனுக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பத்து வருடமாக உழைத்தவன் பெயரில் வங்கி இருப்பு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை, கடனுக்குப் போனால் காட்டுவதற்கு ஒரு சம்பளச் சீட்டும் இல்லை. வரன் தட்டிப் போனதும், "படித்த பெண்களுக்குத் திமிர்" என்று பையன் சொல்கிறான். அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் அவனை நிறுத்தியது நாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடுத்தது சொத்து. "புதுச் சட்டம் வந்து தங்கைக்குப் பங்கு கொடுத்துவிட்டது" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இது அவ்வளவு புதிய சட்டம் இல்லை. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடே தீர்மானம் போட்டது. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அது அவருடைய மனைவி, மகன், மகள், தாயார் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். அதாவது அப்பா தாமே தொடங்கி வளர்த்த கடையில் மகளுக்குச் சம பங்கு வந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது.

கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில்தான் மகளுக்கு அன்று பிறப்புரிமை இல்லாமல் இருந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அந்த உரிமை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களுக்கு அது இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், மணமானவர் ஆகாதவர் என்ற பேதமில்லாமல் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. இது பிறப்பால் வரும் உரிமை, தந்தை இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பது தீர்ப்பு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் இந்தத் திருத்தம் கலைக்காது.

நம் சங்கங்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். கிறிஸ்தவ வணிகர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். இஸ்லாமிய வணிகர்களுக்கு ஷரீஅத் முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அளவு மாறலாம், மகளுக்கு ஒன்றுமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. கடன் போகத்தான் பங்கு. இறந்தவர் கொடுக்க வேண்டிய பாக்கிகளைத் தீர்த்த பிறகு மிஞ்சுவதே வாரிசுகளுக்குப் பிரியும். மகனின் உழைப்புக்கு உரிய சம்பளம் கணக்கில் இருந்தால் அவன் அதை உரிமையோடு காட்டிப் பேசலாம். கணக்கில் இல்லாவிட்டால் அது வெறும் மனக்குறையாக நின்றுவிடும். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று பெரியவர்கள் கேட்டது இதற்கும் பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். அப்பா தாமே தொடங்கிய கடை. கட்டிடம், சரக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபாய் மதிப்பு. அம்மா, மகன், மகள் என்று மூன்று வாரிசுகள். மகன் இருபது வயதிலிருந்து பதினைந்து ஆண்டு கடையில் உழைத்திருக்கிறான். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்.

சட்டப்படி மூவருக்கும் ஆளுக்கு 13,33,333 ரூபாய். மகன் என்ன நினைப்பான்? "பதினைந்து வருடம் மூட்டை தூக்கிய எனக்கும் 13 லட்சம், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற தங்கைக்கும் 13 லட்சமா?" என்று கொதிப்பான். இந்தக் கொதிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவனுக்குக் கடன்பட்டவர் தங்கை அல்ல, அப்பா.

இப்போது அதே கடையில் அப்பா மகன் பெயரில் பற்று வரவு எழுதி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வேறொரு ஆளை வைத்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய சம்பளம், சராசரியாக மாதம் 15,000 ரூபாய். வருடத்துக்கு 1,80,000, பதினைந்து வருடத்துக்கு 27 லட்சம். அவன் தன் சொந்தச் செலவுக்காக, வண்டிக்காக, மற்றவற்றுக்காக எடுத்தது 12 லட்சம் என்று வைத்தால், நிகர வரவு 15 லட்சம். கடையின் 40 லட்சத்தில் அதைக் கழித்தால் மீதி 25 லட்சம். மூவருக்கும் ஆளுக்கு 8,33,333. மகனுக்கு உழைப்புக்கானது 15 லட்சம், பிறப்புக்கானது 8,33,333, ஆக மொத்தம் 23,33,333 ரூபாய். மகளுக்கு அவளுடைய 8,33,333 தலைநிமிர்ந்து கிடைக்கிறது. அம்மாவும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நம்மில் பலர் செய்வது அதுதான். கடை முழுவதையும் மகனுக்கே எழுதி வைப்பது. அல்லது கருமாதி முடிந்த கையோடு, "அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா" என்று பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது. இதில் மகனுக்கு 40 லட்சம், மகளுக்கும் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. மகன் அப்போதும் நிம்மதியாக இருப்பதில்லை. தன் உழைப்புக்கு வந்தது எவ்வளவு, தங்கையிடமிருந்து எடுத்தது எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது. தங்கை என்றைக்காவது கேட்டுவிடுவாளோ என்ற பயத்திலேயே அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பான். தாய்மாமன் வராமல் நடந்த காதுகுத்துகளை நம் ஊர்களில் விசாரித்துப் பாருங்கள். பாதிக்குப் பின்னால் இப்படி ஒரு பத்திரம் இருக்கும்.

மகள் பக்கத்துக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. பள்ளி விட்டு வந்து அரிசி புடைத்தவள், மசாலாப் பொட்டலம் மடித்தவள், அப்பா சாப்பிடப் போன நேரத்தில் கல்லா பார்த்தவள் அவள்தான். அதுவும் வேலைதான். "நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்று சொல்வோர், அண்ணன் கல்யாணத்துக்குச் செய்ததையும் அதே பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம். குற்றமான ஒன்றைக் காட்டி உரிமையான ஒன்றைக் கழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

முன்னோர் செய்த முறை

சொந்தப் பிள்ளைக்குச் சம்பளமும் கணக்கும் வைப்பது நமக்குப் புதிதில்லை. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாளில், பிள்ளைகள் பெட்டியடிப் பையனாகத்தான் தொழிலுக்குள் நுழைந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வேறொருவர் கடையில் தொழில் பழகியதுண்டு. பெட்டியடிப் பையன், அடுத்தாள், பிறகு மேலாள் என்று படிப்படியாக ஏற வேண்டும். சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு, மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறினார்கள். திருமணமான மகனுக்கு அதே வீட்டிலேயே தனி அடுப்பு, தனிக் கணக்கு. இதை 'வேறு வைப்பது' என்பார்கள். ஒரே கூரையின் கீழ் உறவு கெடாமல் இருந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். பெண்களுக்குப் பெற்றோர் கொடுத்த பணம் 'ஆச்சிமார் பணம்' என்று அவரவர் பெயரில் வரவு வைக்கப்பட்டு வட்டி ஏறியது. அந்தக் காலத்தில் பெண்ணுக்குத் தந்தையின் தொழிலில் பங்கு கிடையாது என்பதும் உண்மைதான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குறையை அல்ல. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று அறிந்து கணக்கு எழுதிய ஒழுங்கை.

விருதுநகர் வணிகர்கள் மகமை வைத்து ஊருக்குப் பள்ளி நடத்தியதை நாம் அறிவோம். 1889-இல் அங்கே சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. 1962-இல் அதே ஊரில் வே.வ.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி வந்தது. பெண் படித்தால் பையன் கெட்டுப் போவான் என்று அந்த வணிகர்கள் நினைத்திருந்தால் அந்தக் கல்லூரி வந்திருக்காது.

கல்லாவில் நின்று பார்த்தால்

பெண்களுக்கான அரசுத் திட்டங்களைப் பற்றிப் பிள்ளைகள் குறைப்படும்போது, அவர்களைக் கல்லாவில் நிற்க வைத்தே பதில் சொல்லலாம். 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்குத் தொடங்கியது. அந்தப் பணம் எங்கே போனது? பெரும்பகுதி அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும்தான் போனது. நம் கடன் நோட்டில் பழைய பாக்கி தீர்ந்ததும் அதனால்தான். கடையில் நின்றுகொண்டு அதைத் திட்டுகிற பையன், தன் வாடிக்கையாளரின் வருமானத்தைத் திட்டுகிறான்.

இன்னோர் உதாரணத்தையும் அவனுக்குச் சொல்லலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. "ஆண்பிள்ளைகளுக்கு இல்லையா?" என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஏழை வீட்டுப் பையனும் ஏழைதான். 2024 ஆகஸ்ட் 9 அன்று அதே தொகையில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. மாணவியரிடமிருந்து பிடுங்கி மாணவருக்குக் கொடுக்கவில்லை. மாணவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டிலும் இதே வழிதான். மகனுக்குக் குறை இருந்தால் மகனுக்கு வரவு வையுங்கள். மகளின் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

கடையில் நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரே பொட்டலத்தை ஒரே வேகத்தில் கட்டுகிற பெண்ணுக்கு நூறு ரூபாய் கூலி குறைத்துக் கொடுத்தால், பெண்ணின் உழைப்பு மலிவு என்று அவன் கற்றுக்கொள்கிறான். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. விற்பனைப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடுகிற அப்பாவைப் பார்த்து வளர்கிற பையனுக்குத் தனியாக உபதேசம் தேவைப்படாது.

மதியம் இரண்டு மணிக்குக் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் பிள்ளை கையில் செல்போன் இருக்கிறது. "பெண்களால்தான் நீ கெட்டாய்" என்று பேசுகிற ஆட்கள் அதில் நிறைய இருக்கிறார்கள். மனக்குறையை வைத்துப் பிழைக்கிற வியாபாரம் அது. உரிய சம்பளம் வாங்குகிற பையனிடமும், அப்பா உட்கார்ந்து பேசுகிற பையனிடமும் அந்தச் சரக்கு அவ்வளவு சுலபமாக விலை போகாது.

ஆண்பிள்ளையின் பாரம்

ஆண்களுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். குடும்பப் பிரச்சினையும் நோயும் முதன்மைக் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. கடன், வியாபார நஷ்டம் என்று நம் தெருவிலேயே கதவைச் சாத்திக்கொண்டவர்களை நாம் அறிவோம்.

அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது பெண்களுக்குக் கிடைத்த உரிமை அல்ல. "ஆம்பளை அழக் கூடாது, கடனை வீட்டில் சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் ஒருவனே சுமக்க வேண்டும்" என்று நாம் சொல்லிக் கொடுத்த பாடத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கடையின் கஷ்டத்தை மனைவியிடமும் மகளிடமும் சொல்கிற வழக்கம் இருந்தால், சுமக்கிற தோள்கள் கூடும். நகையை அடகு வைக்கும் நாளில் மட்டும் மனைவிக்குச் சொல்வது போதாது. மகனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சமைக்கத் தெரிந்த பிள்ளை, தன் துணியைத் துவைக்கத் தெரிந்த பிள்ளை, "இந்த மாதம் முடியவில்லை அப்பா" என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிள்ளை, கஷ்ட காலத்தைத் தாண்டிவிடுவான்.

"பெற்றோரைக் காப்பாற்றுவது மட்டும் என் தலையிலா?" என்பதும் மகன்களின் கேள்வி. மணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே தீர்ப்பளித்தது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் இருவரையுமே பொறுப்பாக்குகிறது. பங்கு இருவருக்கும் என்றால் பாரமும் இருவருக்கும். இதை மகளிடமும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெரும்பாலான மகள்கள் அதற்குத் தயாராகவே இருக்கிறார்கள், நாம்தான், "பெண் வீட்டில் சாப்பிடலாமா?" என்று தயங்குகிறோம்.

செய்ய வேண்டியவை

1. மகன் முழு நேரம் கடைக்கு வந்த நாளிலிருந்து சம்பளம் நிர்ணயம் செய்யுங்கள். வெளி ஆளுக்குக் கொடுப்பதைவிடக் குறையக் கூடாது. கையில் கொடுக்காமல் மாதாமாதம் அவன் வங்கிக் கணக்கில் போடுங்கள். உண்மையாக உழைப்பவருக்குக் கொடுக்கும் நியாயமான சம்பளத்தைக் கடைச் செலவாக எழுதுவது பற்றி ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கியாகவே நிறுத்தி வைத்தால், புரோநோட்டைப் போல அதற்கும் மூன்று வருடக் காலவரம்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

2. மகள் கடைக்கு உதவினால் அவளுக்கும் அதே முறை. கடையை நடத்த விருப்பமும் திறமையும் அவளுக்கு இருந்தால் அவளிடமே கொடுக்கலாம்.

3. மகனைப் பங்குதாரராக்குவதாக இருந்தால் 1932-ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டப்படி பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். முதல் எவ்வளவு, உழைப்புக்குச் சம்பளம் எவ்வளவு, லாபத்தில் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். தனிநபர் கடை கூட்டு வணிகமாக மாறும்போது புதிய பான் எண்ணும் புதிய ஜி.எஸ்.டி. பதிவும் தேவை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் புதுப் பெயரில் வாங்க வேண்டும்.

4. உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பயன்பெறுகிறவர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பிற்காலத் தகராறைக் குறைக்கும். பூர்விகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் உயிலில் எழுத முடியும் என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கு உரியதை முதலில் ஒதுக்குங்கள்.

5. உயிலில் என்ன இருக்கிறது என்பதை மகனையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்து, நீங்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே சொல்லுங்கள். மருமகனிடமும் மருமகளிடமும் வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம்.

6. பிளஸ் டூ முடியும் வரை பையனைப் படிப்பு நேரத்தில் லோடு இறக்கக் கூப்பிடாதீர்கள். ஒரு கூலியாளின் கூலி, பையனின் படிப்பைவிடப் பெரிதல்ல.

7. சாப்பிட்ட தட்டை மகன் எடுத்து வைக்கட்டும். மகளுக்கு ஒரு முறை, மகனுக்கு ஒரு முறை என்று சமையலறையில் இரண்டு எடைக்கல் இருக்க வேண்டாம்.

புதுக்கணக்குப் போடும் நாளில் பிள்ளையார் சுழி போட்டு முதல் பக்கத்தில் மஞ்சள் தடவுகிறோம். அடுத்த புதுக்கணக்கன்று மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி அவரவர் பெயரை எழுதுங்கள். வரவு என்ன, பற்று என்ன என்று அவர்களையே பதியச் சொல்லுங்கள். தனக்கு வர வேண்டியது தன் கையெழுத்திலேயே பேரேட்டில் இருக்கும்போது, தங்கையின் பக்கத்தைப் பார்த்து மகன் பொறாமைப்பட வேண்டிய தேவை வராது.